முதிய பூனையும் கேளா ஒலியும்

வீட்டோடு வாழும் உயிர்களுள், தன் நோயை மறைப்பதில் பூனைக்கு நிகர் வேறில்லை எனலாம். நாய்க்கு வலி கண்டால் முனகும். பசு தீனியை வெறுத்தால் அன்று மாலையே கறவையில் தெரிந்துவிடும். பூனையோ, உடல் நலம் குன்றிய காலத்தும் ஜன்னலோரத்தில் சுருண்டு படுத்திருக்கும்; அழைத்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும்; மீண்டும் கண்ணை மூடிக்கொள்ளும். சிறு உயிர்களை வேட்டையாடி வாழும் பூனை, தன்னினும் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடியதும் ஆகும். தளர்ச்சியை வெளிக்காட்டினால் ஆபத்து என்பது அதன் பிறவியறிவு. வீட்டுக்குள் வந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் அவ்வறிவு அதை விட்டு நீங்கவில்லை. ஆகவே, பூனையின் நோய் நம் கண்ணுக்குப் புலனாகும்போது, அது பெரும்பாலும் தொடங்கிப் பல மாதங்கள் கடந்திருக்கும்.

தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பூனை ஓர் அங்கமாகிவிட்டது. அடுக்குமாடி வீட்டின் சிறிய இடத்துக்கு அது பொருந்துகிறது. தெருவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் படிப்பை முன்னிட்டோ வேலையை முன்னிட்டோ பிரிந்து சென்றபின், அயல்மொழி பேசும் ஊரில் பெரியவர்களுக்குத் தமிழ் கேட்டு வளர்ந்த துணையாக எஞ்சுவது சில வீடுகளில் பூனை ஒன்றே. நல்ல பராமரிப்பில் அது 15 ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் வாழ்கிறது. 11 வயதைத் தாண்டிய பூனையை முதியதாகக் கொள்வது மருத்துவர் வழக்கம். 15 வயதுப் பூனையின் உடல்நிலை ஏறத்தாழ 76 வயது மனிதருக்கு ஒப்பானது என்பர். அந்த வயதில் வரும் நோய்களுள் குடலில் தோன்றும் தடிப்பும் கட்டியும் முக்கியமானவை. அவற்றைக் கத்தியின்றிக் கண்டறிய உதவும் கேளா ஒலிச் சோதனை பற்றியே இங்கு நாம் காணப்போகிறோம். பேச்சு வழக்கில் இதனை அல்ட்ராசவுண்ட் என்றும், வெறுமே ஸ்கேன் என்றும் சொல்கிறோம்.

முதலில் அறிகுறிகளைப் பார்ப்போம். அவற்றுள் தலையாயது எடை குறைதல். நடுத்தரமான பூனை ஒன்றின் எடை சுமார் 4 கிலோ. அது 400 கிராம் இழந்தால் உடலில் பத்தில் ஒரு பங்கை இழந்ததாகும். 60 கிலோ எடையுள்ள மனிதர் 6 கிலோ இளைத்தால் வீட்டிலுள்ளோர் அனைவரும் பதறுவர். பூனை 400 கிராம் இளைத்தால் எவரும் கவனிப்பதில்லை. அடர்ந்த ரோமம் எலும்பை மறைத்துவிடுகிறது. நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குச் சிறுகச் சிறுக நேரும் மாற்றம் தெரிவதுமில்லை. எனவே, கண்ணை நம்பாமல் தராசை நம்புவதே தக்கது. மாதம் ஒருமுறை பூனையைக் கூடையில் வைத்து நிறுத்துக் கூடையின் எடையைக் கழித்து எழுதி வைத்தால் போதும். குழந்தைகளை நிறுக்கும் தராசு இதற்கு மிகவும் ஏற்றது.

அடுத்த அறிகுறி வாந்தி. பூனை தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதால் ரோமம் வயிற்றுள் சென்று, எப்போதாவது உருண்டையாக வெளிவருவது உண்டு. இதைக் கண்டு பழகிய நாம், எல்லா வாந்தியையும் ரோம வாந்தி என்றே தள்ளிவிடுகிறோம். வாரம்தோறும் வாந்தி எடுக்கும் பூனையை நலமான பூனை என்று கொள்வதற்கில்லை. பேதி, பசி குறைதல் ஆகியவையும் குடல் நோயின் குறிகள். சில பூனைகள் முன்னினும் மிகுதியாக உண்டும் மெலிகின்றன. உண்பது உடலில் ஒட்டாமையே அதற்குக் காரணம். நன்றாகத்தானே சாப்பிடுகிறது என்னும் ஆறுதல், அத்தகைய வேளையில் நம்மை ஏமாற்றிவிடும்.

ஆயினும், முதிய பூனை மெலிந்தால் அது குடற்கட்டிதான் என்று அஞ்சுவதும் தவறு. தைராய்டுச் சுரப்பி மிகையாகச் சுரத்தல், சிறுநீரகம் தளர்தல், நீரிழிவு, பல் நோய் ஆகிய எல்லாமே எடையைக் குறைப்பவை. இவற்றுட் பலவற்றை இரத்தமும் சிறுநீரும் சோதித்தே அறிந்துவிடலாம். ஆகவே, திறமையுள்ள மருத்துவர் முதலில் வாயைத் திறந்து பார்ப்பார். கழுத்தைத் தடவிப் பார்ப்பார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். அவற்றால் விடை கிடைக்காதபோதும், வயிற்றைத் தொடும்போது கையில் ஏதேனும் தட்டுப்படும்போதும் ஸ்கேன் தேவைப்படுகிறது.

எக்ஸ்ரே படம் போதாதா என்று கேட்கலாம். எலும்பு, உலோகம், காற்று ஆகியவற்றை எக்ஸ்ரே தெளிவாகக் காட்டும். விழுங்கிய ஊசியையும், அடைபட்ட குடலில் தேங்கிய வாயுவையும் அதில் காணலாம். ஆனால் குடற்சுவர், அதனுள் உள்ள நீர், அதையொட்டி வளர்ந்த கட்டி ஆகிய மூன்றும் எக்ஸ்ரே படத்தில் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். சுவரின் கனம் எவ்வளவு, அதன் அடுக்குகள் ஒழுங்காக உள்ளனவா என்பதை அப்படம் சொல்லாது. அதைச் சொல்வது கேளா ஒலியே.

கேளா ஒலி என்பது யாது? விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது. பூனையின் செவி நம்மினும் கூரியது. 60,000 அதிர்வுகளுக்கு மேலும் அது கேட்கும். எலிக்குஞ்சுகள் எழுப்பும் ஒலி நமக்கு எட்டாவிட்டாலும் பூனைக்கு எட்டுகிறது. ஆனால் மருத்துவர் பயன்படுத்தும் ஒலியோ விநாடிக்குப் பல லட்சம் அதிர்வுகள் கொண்டது. பூனைக்கும் அது கேளா ஒலியே ஆகும்.

இவ்வொலியை உண்டாக்கும் வழி பிரான்சு நாட்டில் பிறந்தது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880இல் பியேர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் கண்டனர். அத்தகைய படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது அதிர்ந்து ஒலியெழுப்பும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முதல் உலகப் போரின்போது கடலடியில் மறைந்து வரும் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கப் போல் லான்ஜவான் என்னும் அறிஞர் இம்முறையைக் கையாண்டார். ஒலியை நீரில் செலுத்தி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்பதே அவர் கண்ட வழி.

இத்துறையில் நம்மவர் பங்கு ஒன்றையும் ஈண்டு நினைவுகூரலாம். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்து, 1907இல் உத்தியோக நிமித்தம் கல்கத்தா சென்று, பின் 1933இல் பெங்களூரில் குடியமர்ந்த சர் சி. வி. இராமன், நாகேந்திர நாத் என்பாருடன் சேர்ந்து, கேளா ஒலி செல்லும் நீர்மத்தினூடே ஒளி பாயும்போது அது எவ்வாறு சிதறும் என்பதற்கான கோட்பாட்டை 1935, 1936ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அது மருத்துவக் கருவிக்கு நேரே வழிவகுத்ததன்று. எனினும், கேளா ஒலியின் இயல்பை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் அது நிலைத்த இடம் பெற்றது.

மருத்துவத்தில் இம்முறை வேரூன்றியதற்கும் கட்டிகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் இயன் டொனால்டு, 1955இல் அறுவையில் எடுத்த கட்டிகளைத் தம் காரில் ஏற்றி, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொண்டு சென்றார். உலோகத்தில் விரிசல் உண்டா என்று கேளா ஒலியால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. நீர்க்கட்டியும் தசைக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தருவதை அவர் அதில் கண்டார். ஒப்பு நோக்குவதற்கு மாட்டிறைச்சித் துண்டொன்றையும் வைத்துச் சோதித்தார். 1958இல் அவரும் அவருடைய தோழர்களும் லான்செட் இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை வயிற்றுக் கட்டிகளைப் பற்றியதேயாகும். தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண்மணி ஒருவருக்கு இருந்தது, எடுத்துவிடக்கூடிய நீர்க்கட்டியே என்பதை அக்கருவி காட்டிற்று. மனிதருக்கு வந்த அவ்வழி பின்னர்க் கால்நடை மருத்துவத்துக்கும் வந்தது.

இனி, கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். மருத்துவர் கையில் பிடித்திருக்கும் சிறு கருவியில் படிகங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவை ஒலியைச் சிறு சிறு துடிப்புகளாக வயிற்றுள் அனுப்புகின்றன. மென்மையான உடற்பகுதியில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு பொருளிலிருந்து தன்மை மாறுபட்ட இன்னொன்றுக்குச் செல்லும் எல்லையில் ஒலியின் ஒரு பகுதி மோதித் திரும்பும். 3 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பிவர, ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் சுமார் 39 கூறு நேரம் ஆகும். இந்நேரத்தை அளந்து, ஆழத்தைக் கணக்கிட்டு, எதிரொலியின் வலிமைக்கேற்ப வெண்புள்ளியாகவோ கரும்புள்ளியாகவோ திரையில் இடுகிறது கருவி. புள்ளிகள் பல சேர்ந்து அசையும் படமாகின்றன. குடல் நெளிவதையும் உணவு நகர்வதையும் அப்போதைக்கப்போதே காணலாம். எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் அறவே இல்லை.

அதிர்வு மிகுந்தால் நுணுக்கம் கூடும். ஆனால் ஆழமாகச் செல்லும் ஆற்றல் குறையும். மனித வயிற்றைப் பார்க்கும் கருவி பெரும்பாலும் விநாடிக்கு 20 முதல் 50 லட்சம் அதிர்வுகளைக் கொள்கிறது. பூனையின் வயிறோ சில சென்டிமீட்டர் ஆழமே உடையது. அதற்கு 1 கோடி அதிர்வுகளையும் அதற்கு மேலும் பயன்படுத்தலாம். 1 கோடி அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 0.15 மில்லிமீட்டர் அளவேயாகும். ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள படலங்களைக்கூட அதனால் பிரித்துக் காண இயலும். மாடு, எருமைகளுக்கென வைத்திருக்கும் கருவியால் பூனையின் குடலைப் பார்ப்பது, தூரக் கண்ணாடியால் ஊசிக்கு நூல் கோப்பது போன்றதாகும். சோதனைக்குச் செல்லுமுன், பூனைக்கேற்ற நுண்கருவி அங்கு உண்டா என்று விசாரிப்பது இதனாலேயே அவசியமாகிறது.

நலமுள்ள குடலின் சுவர் கேளா ஒலிப் படத்தில் ஐந்து கோடுகளாகத் தெரியும். உணவு செல்லும் வழியை அடுத்து ஒரு வெண்கோடு; அதன்பின் கருமையான சளிப்படலம்; அடுத்து அதன் அடிப்படலம் வெண்கோடாக; பின்னர்த் தசைப்படலம் மெல்லிய கருங்கோடாக; கடைசியில் வெளிப்படலம் வெண்கோடாக அமையும். இவ்வரிசையே மருத்துவரின் வழிகாட்டி. பூனையின் சிறுகுடற் சுவரின் முழுக்கனம் பெரும்பாலும் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், பெருங்குடலைச் சேரும் கடைப்பகுதி சற்றுக் கனத்து 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். பெருங்குடற் சுவர் இதனினும் மெல்லியது.

நோய் இவ்வரிசையை இருவகையாகக் குலைக்கிறது. முதல் வகையில் அடுக்குகள் அழியாமல் நிற்கும். ஆனால் அவற்றுள் ஒன்று, சிறப்பாகத் தசைப்படலம், தடித்துவிடும். நெடுநாளைய குடல் அழற்சியில் இவ்வாறு காணலாம். மெதுவாக வளரும் சிற்றணு லிம்போமா என்னும் புற்றுநோயிலும் இவ்வாறே காணலாம். லிம்போமா என்பது நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்றுநோய். பூனையின் குடலில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் அதுவே. இரண்டாம் வகையில் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். ஓரிடத்தில் சுவர் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ பருத்துக் கருங்கட்டியாகத் தோன்றும். விரைந்து வளரும் பேரணு லிம்போமாவும், சுரப்புத் திசுவில் தோன்றும் அடினோகார்சினோமாவும், மாஸ்ட் அணுக் கட்டியும் இவ்வாறு தோன்றக்கூடியவை. அடினோகார்சினோமா குடலைச் சுற்றி வளையம் போல் இறுக்கி வழியை அடைத்துவிடுவதுண்டு. சயாமியப் பூனைகளிடையே இது சற்று மிகுதி. குடலை அடுத்த நிணநீர்க் கணுக்கள் பருத்துள்ளனவா என்பதையும், கல்லீரல், மண்ணீரல், கணையம் முதலியவற்றின் நிலையையும், வயிற்றில் நீர் கோத்துள்ளதா என்பதையும் மருத்துவர் அதே அமர்வில் பார்த்துக்கொள்வார்.

இங்கு நாம் முக்கியமாக உணரவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கேளா ஒலி, நோய் இருக்கும் இடத்தைக் காட்டும். நோயின் பெயரைச் சொல்லாது. அழற்சியும் சிற்றணு லிம்போமாவும் படத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல் தோன்றும். கட்டி எல்லாம் புற்றுநோயும் அன்று. பூஞ்சைத் தொற்று, சில வைரசு நோய்கள், புற்றல்லாத நார்த்தடிப்பு, குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதியுள் நுழைந்துகொள்ளுதல் ஆகியவையும் கட்டிபோல் தென்படலாம். மறுபுறம், படம் ஒழுங்காகவே இருந்தும் குடலில் நோய் இருப்பதும் உண்டு. ஆகையால், படத்தை மட்டும் பார்த்து, இது புற்றுநோய், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. தீர்ப்பு அணுவில் இருக்கிறது.

அவ்வணுவை எடுக்கும் வழிகள் மூன்று. ஒன்று, ஸ்கேன் படத்தைப் பார்த்தவாறே மெல்லிய ஊசியைக் கட்டியிலோ பருத்த கணுவிலோ செலுத்திச் சில அணுக்களை உறிஞ்சி எடுத்து, நுண்பெருக்கியில் பார்ப்பது. பருத்த கட்டிக்கு இது பெரும்பாலும் நல்ல விடை தரும். செலவும் துன்பமும் குறைவு. இரத்தம் உறையும் தன்மை சரியாக உள்ளதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்வர். இரண்டாவது, வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ உட்காண் குழாயைச் செலுத்திக் குடலின் உட்புறத்திலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுப்பது. இதற்கு மயக்க மருந்து தேவை. குடலின் நடுப்பகுதியைக் குழாய் எட்டாது. சுவரின் ஆழ்ந்த அடுக்குகளும் துணுக்கில் வாரா. மூன்றாவது, அறுவை செய்து குடலின் முழுக்கனத் துண்டுகளைப் பல இடங்களில் எடுப்பது. இதுவே மிகத் தெளிவான விடை தருவது. ஆயினும் மெலிந்த முதிய பூனைக்கு அறுவையின் சுமையும், தையல் பிரியும் ஆபத்தும் உண்டு. எது தக்கது என்பது பூனையின் வலிமையையும், கட்டியின் இடத்தையும், குடும்பத்தின் பொருள் நிலையையும் பொறுத்தது. எந்த இடத்தில் துண்டு எடுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே வழிகாட்டுவதும் கேளா ஒலிப் படமேயாகும்.

இவ்வளவு முயன்று நோயின் பெயரை அறிவதால் பயன் என்ன? பயன் பெரிது. சிற்றணு லிம்போமா எனத் தெரிந்தால், பிரெட்னிசோலோன், குளோராம்பியூசில் என்னும் இரு மாத்திரைகளைக் கொண்டு வீட்டிலேயே மருத்துவம் செய்யலாம். பெரும்பாலான பூனைகள் அதற்கு இணங்கித் தேறுகின்றன. ஒன்றரை, இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் நன்றாக வாழ்பவை பல. 13 வயதுப் பூனைக்கு இரண்டாண்டு என்பது சிறிய காலமன்று. வெறும் அழற்சி எனின் உணவு மாற்றத்தாலும் மருந்தாலும் அடங்கிவிடும். ஓரிடத்தில் மட்டும் உள்ள கட்டியை அறுத்து எடுக்கலாம். பேரணு லிம்போமா எனின் மருந்துக்கு இணங்கும் காலம் பெரும்பாலும் சில மாதங்களே. அங்கு வேறு முடிவு தேவைப்படலாம். படத்தில் ஏறத்தாழ ஒத்துத் தோன்றும் நோய்களுக்குள் வாழ்நாள் இவ்வளவு வேறுபடுவதால்தான், ஊகத்தின்பேரில் மருந்து கொடுப்பதையும் ஊகத்தின்பேரில் நம்பிக்கை இழப்பதையும் நாம் தவிர்க்க வேண்டும்.

சோதனை நாளில் செய்யவேண்டியவற்றை இனிச் சொல்வோம். உணவும் வாயுவும் ஒலியை மறைப்பதால், முதல் நாள் இரவு உணவுக்குப்பின் பட்டினியாக, ஏறத்தாழ 8 மணி முதல் 12 மணி நேரம் வைத்திருக்கச் சொல்வர், தண்ணீர் கொடுக்கலாம். நீரிழிவுக்கு இன்சுலின் பெறும் பூனையாயின், பட்டினி வைக்குமுன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம். காற்று ஒலியை ஏறக்குறைய முழுதும் திருப்பிவிடும் ஆதலின், ரோமத்தினிடையே தங்கும் காற்றை நீக்க வயிற்று ரோமத்தை மழித்து, தோலில் பசை தடவுவர். ரோமம் சில மாதங்களில் வளர்ந்துவிடும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. பூனையை மெத்தை போன்ற பள்ளத்தில் மல்லாத்தியோ ஒருக்களித்தோ படுக்க வைப்பர். ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகலாம். வலி இல்லை, பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டியதில்லை. மிகவும் மிரளும் பூனைக்கு, வீட்டிலிருந்து புறப்படுமுன் கொடுக்கத்தக்க அமைதி மருந்தை மருத்துவரிடம் முன்னரே கேட்டுப் பெறலாம். பழகிய துணியொன்றைக் கூடையில் விரித்து அழைத்துச் செல்வது நலம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். சோர்ந்து கிடக்கிறது, குமட்டுகிறது, ஒரு மாதிரியாக இருக்கிறது என்பவற்றை இந்தியிலோ வங்காளத்திலோ மராத்தியிலோ சொல்லத் தடுமாறுவோர் உண்டு. அதற்கு எளிய வழி ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எவ்வளவு எடை, எந்தத் தேதிகளில் வாந்தி, மலம் கழித்தது எத்தனை முறை, உண்ட அளவு யாது என்று எண்களாக எழுதி வைத்தால், எந்த ஊர் மருத்துவரும் அதைப் படிப்பார். வாந்தியையும் மலத்தையும் கைபேசியில் படமெடுத்து வைப்பதில் கூச்சம் வேண்டாம். அவ்வாறே, ஸ்கேன் அறிக்கையில் குடற்சுவரின் கனம் எந்தப் பகுதியில் எத்தனை மில்லிமீட்டர், அடுக்குகள் உள்ளனவா மறைந்தனவா, நிணநீர்க் கணுவின் அளவு என்ன என்று எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உத்தியோகம் மாற்றலாகி வேறு மாநிலம் செல்லும்போது, அங்குள்ள மருத்துவர் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டே நோய் வளர்ந்ததா தேய்ந்ததா என்று கூற முடியும். வீட்டுப் பத்திரங்களோடு பூனையின் காகிதங்களையும் ஒரே உறையில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

நகரங்களில் தனியார் மருத்துவமனைகள் பல இச்சோதனையைச் செய்கின்றன. மும்பையில் பரேல், பெங்களூரில் ஹெப்பால், கொல்கத்தாவில் பெல்காச்சியா ஆகிய இடங்களில் நெடுங்காலமாகக் கால்நடை மருத்துவக் கல்விக்கூடங்கள் உள்ளன. உத்தரப் பிரதேசத்தில் பரேலி நகரை அடுத்த இஜ்ஜத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இத்தகைய நிறுவனங்களைச் சார்ந்த மருத்துவமனைகளிலும் பூனைகளுக்கு ஸ்கேன் வசதி உண்டா, எந்நாளில் பார்ப்பர் என்று விசாரித்துச் செல்லலாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வாந்திக்கு என்று ஸ்டீராய்டு மருந்தை முதலிலேயே தொடங்கிவிட்டால், அது நோயைத் தற்காலிகமாக அமுக்கி, பின்னர் எடுக்கும் அணுச் சோதனையைக் குழப்பிவிடக்கூடும். ஆகவே, சோதனை முடியும் வரை அதைத் தள்ளிவைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். பூனை வலியால் துன்புறுகிறது என்று கருதி, வீட்டில் உள்ள பாராசிட்டமால் மாத்திரையை ஒருபோதும் கொடுத்தல் ஆகாது. பூனைக்கு அது நஞ்சு, ஒரு மாத்திரையே உயிரைப் போக்கிவிடும். நம் இல்லங்களில் பூக்கட்டும் நூலும் தையல் நூலும் கீழே கிடப்பதுண்டு. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். வாயிலோ பின்புறமோ நூல் தொங்கக் கண்டால் அதைப் பிடித்து இழுக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் உண்ணாதிருந்தால், கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். விரதம் இருந்தால் வயிறு சீராகும் என்னும் நம் வழக்கம் பூனைக்குப் பொருந்தாது. குளோராம்பியூசில் மாத்திரையை உடைக்காமல், கையுறை அணிந்தே எடுக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் அதைத் தொடாதிருப்பதும், அப்பூனையின் கழிவை அகற்றாதிருப்பதும் நலம்.

இறுதியாக ஒரு கடினமான செய்தி. எல்லாச் சோதனையும் செய்து, நோய் முற்றிவிட்டது என்று தெளிந்த பின், சில பூனைகளுக்கு மருந்தால் பயனில்லாமற் போகலாம். அப்போது வாந்தியை அடக்கி, வலியைத் தணித்து, விரும்பும் உணவைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, இருக்கும் நாளை இனிதாக்குவதே மருத்துவம். அதுவும் இயலாத நிலையில், துன்பமின்றி உயிர் பிரியச் செய்யும் ஊசியைப் பற்றி மருத்துவர் பேசுவார். கொல்லாமையை அறமாகக் கொண்ட குடும்பங்களுக்கு இப்பேச்சு நெஞ்சைச் சுடும். தீராத துன்பத்தை நீட்டிப்பது கருணையா, முடிப்பது கருணையா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சான்றைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். வெளியார் கட்டளையிட முடியாது. ஆனால் எந்த முடிவும் உண்மையை அறிந்து எடுத்த முடிவாக இருத்தல் வேண்டும். இன்னும் இரண்டாண்டு வாழக்கூடிய பூனையைச் சாகும் பூனை என்று எண்ணிக் கைவிடுதல் ஒரு குறை. உய்வில்லாத பூனையை நம் ஆசைக்காக வதைத்தலும் ஒரு குறை. இவ்விரண்டிலிருந்தும் நம்மைக் காக்க வல்லது, காலத்தில் செய்யும் சோதனை.

ஆகவே, வீட்டில் 10 வயதைக் கடந்த பூனை உள்ளவர்கள், இந்த வாரமே அதை ஒருமுறை நிறுத்து, தேதியிட்டு எழுதி வைப்பார்களாக. அடுத்த மாதம் மீண்டும் நிறுப்பார்களாக. எடை நிலையாக இருப்பின் மகிழ்ச்சி. குறைந்து வரின், வாந்திக்கும் ரோமத்துக்கும் பழி சொல்லிக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்களாக. வாய் திறந்து நோயைச் சொல்லாத அவ்வுயிருக்காக அந்த நோட்டுப் புத்தகம் பேசும்.